21 வாரத்தில் துடிப்பு நின்ற பிள்ளை: ஆஸ்பத்திரியில் குளிசை வைப்பது ஏன், எப்படி

கேள்வி இதுதான். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டம். தங்கச்சிக்கு 21 வாரம். கிளினிக்கில் துடிப்புக் கேட்கவில்லை என்று மிட்வைஃப் அம்மா அனுப்பிவைக்க, ஸ்கேனில் பிள்ளை வயிற்றிலேயே இறந்திருப்பது தெரிந்தது. வார்ட்டில் சேர்த்துக் குளிசை வைத்து வெளியேற்ற வேண்டும் என்கிறார் டொக்டர். முதல் பிள்ளை சீசர். “ஒப்பரேஷன் செய்து ஒரேயடியாக எடுத்துவிடலாமே” என்பது மாமியார் கேள்வி. “அது கருவைக் கலைக்கிற குளிசை, பொலிஸ் கேஸ் ஆகிவிடும்” என்பது லயத்தில் பேச்சு. பாதை மோசம், மழை வேறு. குளிசைதானே, ஹட்டனில் வாங்கிவந்து வீட்டிலேயே வைத்தால் என்ன என்று அண்ணன் கேட்கிறார்.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வீட்டில் வைக்கவே கூடாது. தங்கச்சியின் கர்ப்பப்பையில் சீசர் தழும்பு இருக்கிறது. 21 வாரத்தில் கர்ப்பப்பை தொப்புள் உயரத்துக்கு வளர்ந்திருக்கும், அதற்குப் போகும் ரத்தமும் பெருகியிருக்கும். குளிசை வைத்தபின் நூறில் பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நஞ்சு (பிள்ளையைக் கர்ப்பப்பையோடு இணைக்கும் நஞ்சுக்கொடி) பாதியில் நின்றுவிட்டாலோ தழும்பு பிரிந்தாலோ ரத்தம் கொட்டும் வேகத்துக்கு, மஸ்கெலியாவிலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரி வரை வண்டி ஓடும் நேரம் பெரிய நேரம். குளிசை வைப்பது ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு வரும் இருபத்துநான்கு மணி நேரத்துக்காகத்தான் ஆஸ்பத்திரி.

பொலிஸ் பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன், இந்தப் பயத்தில் இரண்டு வாரம் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்ற என்ற ஒரே காரணம் தவிர வேறெதற்கும் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்குகிறது. 2017இல் பாலியல் வல்லுறவுக்கும், பிள்ளை பிழைக்கவே முடியாத உறுப்புக் குறைபாட்டுக்கும் விலக்குக் கொடுக்க யோசனை வந்தது, சட்டமாகவில்லை. ஆனால் தங்கச்சியின் நிலை வேறு. பிள்ளை ஏற்கெனவே இறந்துவிட்டது. இறந்த சிசுவை வெளியே எடுப்பது கருக்கலைப்பு ஆகாது, அது வைத்தியம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பகிரங்கமாக, பதிவேட்டில் எழுதிச் செய்யப்படுகிற வைத்தியம். இதே குளிசையை, இதயநோய் முற்றியோ, பிரஷர் கட்டுக்கடங்காமல் போயோ, பன்னீர்க்குடம் முன்கூட்டியே உடைந்து கிருமி ரத்தத்தில் ஏறியோ தாயின் உயிர் போகும் என்ற நிலையிலும் நிபுணர்கள் பயன்படுத்துகிறார்கள். அதையும் சட்டம் தடுக்கவில்லை.

இனி குளிசையைப் பற்றி. பெயர் மிசோப்ரொஸ்டோல். பெட்டியிலிருக்கும் தாளை யாராவது வாசித்துப் பார்த்தால் “வயிற்றுப்புண்ணுக்கு” என்றும் “கர்ப்பிணிகள் உட்கொள்ளக்கூடாது” என்றும் அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். 1970களில் அதைச் செய்தது வயிற்றுப்புண்ணுக்காகத்தான். கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் குணம் அதற்குப் பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவே இன்று பிரசவ வார்ட்டில் முதன்மைப் பயனாகிவிட்டது. உலக சுகாதார அமைப்பு 2005 முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதை வைத்திருக்கிறது.

மிசோப்ரொஸ்டோல், புரொஸ்டாகிளான்டின் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. புரொஸ்டாகிளான்டின் நம் உடம்பே சுரப்பது. சுவீடன் நாட்டு உல்ஃப் ஃபொன் ஒய்லர் 1935இல், ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது என்று எண்ணி அந்தப் பெயரை வைத்தார். உண்மையில் உடம்பின் ஏறக்குறைய எல்லாத் திசுவிலும் அது உண்டு. நிறைமாதத்தில் தானாக வலி வருவதற்கும் அதுவே ஒரு காரணம். அது இரண்டு வேலை செய்கிறது. கர்ப்பப்பை வாய் கெட்டியான நார்களால் பின்னிக்கிடப்பது. புரொஸ்டாகிளான்டின் அந்த நார்களைத் தளர்த்தி, நீர் ஏறவைத்து, மூக்கு நுனிபோல் விறைத்திருந்ததை உதடுபோல் மெதுவாக்குகிறது. கூடவே கர்ப்பப்பைத் தசையைச் சுருங்கவைக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் நல்லது. வாய் இளகாமல் தசை மட்டும் இறுகினால், மூடிய கதவில் முட்டுவதுபோல வலிதான் மிஞ்சும், சில வேளை வாயோ கர்ப்பப்பையோ கிழியும்.

“அப்படியானால் வழக்கமான வலி சேலைனே ஏற்றலாமே” என்ற கேள்வி அடிக்கடி வருவது. வலி சேலைனில் இருப்பது ஒக்ஸிடோசின். அது வேலை செய்ய, கர்ப்பப்பைத் தசையில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் வேண்டும். நிறைமாதத்தில் அவை ஏராளம். 21 வாரத்தில் மிகக் குறைவு. ஆகவே சேலைனை மணிக்கணக்கில் ஏற்றினாலும் கர்ப்பப்பை அசையாது. அளவுக்கு மேல் நீர்ச்சேலைனில் கலந்து கொடுத்தால் உடம்பில் நீர் தேங்கி, ரத்தத்தில் உப்பு குறைந்து, வலிப்பு வரை போகலாம். புரொஸ்டாகிளான்டினுக்கோ எந்த மாதத்திலும் கர்ப்பப்பை செவிசாய்க்கும்.

ஆனால் மாதம் ஏற ஏற அது இன்னும் கூர்மையாகச் செவிசாய்க்கும் என்பதை மறக்கக்கூடாது. நிறைமாதத்தில் வலி வரவைக்க 25 மைக்ரோகிராம் போதும். 20 வாரத்தில் அதைப்போல எட்டு மடங்கு, பதினாறு மடங்கு தேவைப்படுகிறது. வழக்கமான குளிசை ஒன்று 200 மைக்ரோகிராம். “போன தடவை அக்காவுக்கு வைத்தார்கள், இந்தத் தடவை எனக்கு” என்று அளவைக் கடன்வாங்கி ஆபத்தில் விழுவது இதனால்தான்.

இந்தப் புரொஸ்டாகிளான்டின் குடும்பத்தில் வேறு மருந்துகளும் இருக்கின்றன. டைனோப்ரொஸ்டோன், ஜெல்லாகவும் யோனிக்குள் வைக்கும் குளிசையாகவும் வருவது. குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும், விலையும் கூட. கார்போப்ரொஸ்ட், 250 மைக்ரோகிராம் ஊசி, அதுவும் 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டியது. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், ஆகவே தொடக்கூடாது. இப்போது பெரும்பாலும் ரத்தப்போக்கை நிறுத்தும் கடைசி ஆயுதங்களில் ஒன்றாக வார்ட்டில் வைத்திருப்பார்கள். ஜெமிப்ரொஸ்ட், 1 மில்லிகிராம், உறைகுளிரில் வைக்க வேண்டும். வெளிநாடுகளில் முன்பு அதிகம் பயன்பட்டது. மிசோப்ரொஸ்டோலுக்குக் குளிர்ப்பெட்டி வேண்டாம், ஆஸ்துமாவைக் கிளப்பாது, விலையும் குறைவு. தங்கச்சிக்கு இழுப்பு இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், அப்போதுதான் ரத்தம் போகும் அவசரத்தில் யாரும் கார்போப்ரொஸ்ட் ஊசியை எடுக்கமாட்டார்கள்.

மிசோப்ரொஸ்டோலின் பலவீனம் ஈரம். அது வெப்பத்தைவிட ஈரக்காற்றுக்குச் சீக்கிரம் கெடும். இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு அடித்த அட்டைக்குள் இருந்தால் தாங்கும். அட்டையிலிருந்து பிரித்து, வெட்டி, காகிதத்தில் சுருட்டி வைத்தால் சில நாளிலேயே வீரியம் இறங்கத் தொடங்கும். சுவரே வியர்க்கும் நம் மலைநாட்டுப் பனிமூட்டத்தில் இது சின்ன விஷயமல்ல. கள்ளத்தனமாகக் கைமாறி வரும் குளிசைகள் இப்படிப் பிரித்தவையாக இருக்கலாம். பாதி வீரியத்தில் கர்ப்பப்பை பாதியாகச் சுருங்கும், ரத்தம் மட்டும் வரும், பிள்ளையும் நஞ்சும் உள்ளேயே கிடக்கும். வெளியே வாங்கிய குளிசையால் வரும் சிக்கல்களில் இதுவும் ஒன்று.

மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வது இரக்கத்தால், மருமகள் வலி படக்கூடாது என்று. ஆனால் 21 வாரத்தில் வயிற்றைத் திறந்து எடுப்பது, நிறைமாதச் சீசரைவிட மோசமான வடுவை விடும். நிறைமாதத்தில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி மெல்லியதாக விரிந்திருக்கும், அங்கே குறுக்காக வெட்டுவார்கள், நன்றாக ஆறும். 21 வாரத்தில் அந்தக் கீழ்ப்பகுதி உருவாகவே இல்லை. மேலே தடித்த தசையில்தான் கத்தி படும். அப்படி மேல்தசையில் விழும் நெட்டுத் தழும்பு அடுத்த கர்ப்பத்தில் பிரியும் வாய்ப்பு நூற்றுக்கு 4 முதல் 9 வரை. இனி எப்போதும் சீசர்தான், அதுவும் வலி வருமுன்னே. கீழ்வழியாகக் கருவி விட்டு எடுக்கும் முறையும் உண்டு. இந்த மாதத்தில் அதற்கென்று தனியாகப் பயின்ற கையும் கருவியும் வேண்டும். ஆகவே தழும்பு ஒன்று இருந்தாலும் குளிசையே முதல் தெரிவு. வயிற்றைத் திறப்பது, நஞ்சு பழைய தழும்பில் வேர்விட்டிருந்தாலோ குளிசை கைவிட்டாலோ மட்டும்.

அந்த நஞ்சு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். சீசர் ஆனவருக்குக் குளிசை வைக்குமுன் ஸ்கேனில் நஞ்சு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்பக்கம் தாழ்வாக, தழும்பின் மேலேயே இருந்தால் அது தசைக்குள் இறங்கியிருக்கலாம். அப்படி இருக்கும்போது குளிசை வைத்தால் நஞ்சு பிரியாமல் ரத்தம் ஆறாய்ப் போகும். வி.ஓ.ஜி. (மகப்பேற்று நிபுணர்) இதைப் பார்த்திருப்பார். இருந்தாலும் “நஞ்சு தழும்பில் இல்லைதானே, டொக்டர்?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

குளிசையின் அளவு. இறந்த சிசுவுக்கு, 14 முதல் 28 வாரம் வரை, உலக சுகாதார அமைப்பின் 2022 வழிகாட்டி 400 மைக்ரோகிராமை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை நாக்கின் கீழோ யோனிக்குள்ளோ வைக்கச் சொல்கிறது. சர்வதேச மகப்பேற்று நிபுணர் கூட்டமைப்பின் 2017 அட்டவணை 26 வாரத்துக்குள் 200 மைக்ரோகிராம், அதே இடைவெளி என்கிறது. 27, 28 வாரத்தில் 100. இரண்டும் தவறில்லை. இறந்த பிள்ளையை வெளியேற்றக் குறைந்த அளவே பல வேளைகளில் போதுமாகிறது, சீசர் தழும்பு இருக்கும்போது நிபுணர்கள் பலர் சின்ன அளவையும் நீண்ட இடைவெளியையும் விரும்புவார்கள். தங்கச்சிக்கு ஒரு குளிசைதான் வைத்தார்கள், பக்கத்துக் கட்டில்காரிக்கு இரண்டு வைத்தார்கள் என்று ஒப்பிட்டு மனம் கலங்க வேண்டாம். வழக்கமாக ஒரு நாளில் ஐந்து தடவைக்கு மேல் போகாமல் நிறுத்தி, மறுபடி சோதித்து முடிவெடுப்பார்கள். மிஃபெப்ரிஸ்டோன் என்ற இன்னொரு குளிசை கிடைக்கும் இடங்களில் அதில் 200 மில்லிகிராம் முதலில் விழுங்கக் கொடுத்து, ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரொஸ்டோலைத் தொடங்குவார்கள். அப்படிச் செய்தால் வலிநேரம் ஏறக்குறையப் பாதியாகும்.

வைக்கும் வழியும் முக்கியம். நாக்கின் கீழ் வைத்தால் அரை மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும், சீக்கிரம் இறங்கும், குளிரும் காய்ச்சலும் அதிகம் தரும். யோனிக்குள் உள்ளே தள்ளி வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்து மெதுவாக ஏறி, பல மணி நேரம் நிற்கும். ஆனால் ரத்தப்போக்கு தொடங்கியபின் யோனியில் வைத்த குளிசை கழுவுண்டு வெளியே வந்துவிடும், அப்போது நாக்கின் கீழுக்கு மாற்றுவார்கள். வைத்தபின் அரை மணி நேரமாவது படுத்திருக்கச் சொன்னால் படுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வைக்குமுன் வலி எவ்வளவுக்கு எவ்வளவு வருகிறது என்று தாதி கையை வயிற்றில் வைத்துப் பார்ப்பார். பத்து நிமிடத்துக்குள் மூன்றுக்கு மேல் பலமான வலி வந்துகொண்டிருந்தால் அடுத்த குளிசையைத் தள்ளிப்போடுவார்கள். கடைசிக் குளிசைக்கும் ஒக்ஸிடோசின் சேலைனுக்கும் இடையில் குறைந்தது 4 மணி நேரம் விடுவார்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் தழும்புக்குத்தான் கேடு. “ஏன் சும்மா விட்டுவைத்திருக்கிறார்கள்” என்று வராந்தாவில் நிற்பவர்களுக்குத் தோன்றும் நேரம் பெரும்பாலும் இந்த இடைவெளிதான்.

முதல் குளிசை வைத்த ஒரு மணி நேரத்துக்குள் நடுக்கம் வரலாம், பல் கிட்டும் அளவுக்கு. கம்பளி போர்த்துங்கள். காய்ச்சல் 38, 39 என்று ஏறி, சில மணி நேரத்தில் தானே இறங்கும். பரசிட்டமோல் போதும். வாந்தியும் இரண்டு மூன்று தடவை வயிற்றோட்டமும் சகஜம். மாதவிடாய் வலிபோல் அடிவயிறு பிசையத் தொடங்கி, பிறகு பிரசவ வலியாகவே வரும். வலி மருந்து கொடுத்தால் குளிசை வேலை செய்யாது என்று சில பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள், அது வீண். டைக்ளோஃபெனாக் உடம்பு புதிதாகப் புரொஸ்டாகிளான்டின் செய்வதைத்தான் தடுக்கும், வெளியிலிருந்து வைத்ததைத் தடுக்காது. பெத்தடின் ஊசியும் கேட்கலாம். இறந்த பிள்ளைக்காகப் பெறும் வலி இது. இதில் பொறுத்துப்போவதற்கு ஒரு காரணமும் இல்லை.

பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் முடியும். சிலருக்கு இரண்டாம் நாளும் ஆகும். முதல் பிரசவம் சீசராக நடந்து, கர்ப்பப்பை வாய் இதுவரை திறக்காமலே இருந்தவருக்கு நேரம் கூடலாம்.

பிள்ளை வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் இந்த மாதங்களில் சிக்கல் அதிகம் வருவது அடுத்த கட்டத்தில். 21 வாரத்தில் கொடி நூலாக இருக்கும், இழுத்தால் அறுந்துவிடும். நஞ்சு இன்னும் இறுகப் பற்றியிருக்கும், தானாகக் கழல நேரம் எடுக்கும். ஒக்ஸிடோசின் 10 அலகு ஊசி போட்டு, ரத்தம் அளவாக இருந்தால் காத்திருப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் வராவிட்டால், அல்லது அதற்குமுன்பே ரத்தம் கூடினால், மயக்கம் கொடுத்து எடுப்பார்கள். இதற்காகத்தான் குளிசை வைத்த நாளில் ஒப்பரேஷன் தியேட்டர், மயக்க டொக்டர், ரத்தம் மூன்றும் இரவிலும் கிடைக்கும் ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் அவர்களே வைப்பதாகச் சொன்னால் சரி. நுவரெலியாவுக்கோ பேராதனைக்கோ கண்டிக்கோ அனுப்பினால் அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், தழும்பை நினைத்துத்தான் அனுப்புகிறார்கள். நஞ்சு முழுதாக வந்திருந்தால் கர்ப்பப்பையைச் சும்மா சுரண்டத் தேவையில்லை. எல்லோருக்கும் வழக்கமாகச் சுரண்டுவது உள்சுவரில் ஒட்டல் விழவைத்து அடுத்த கர்ப்பத்தைக் கெடுக்கலாம்.

தழும்பு பிரிவது அரிது. கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் மிசோப்ரொஸ்டோல் வைத்த, சீசர் ஆன பெண்களில் ஆயிரத்துக்கு 3 பேர் அளவில் அது நடக்கிறது. தழும்பே இல்லாதவர்களில் பத்தாயிரத்துக்கு 4. அரிது என்றாலும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். விட்டுவிட்டு வந்த வலி திடீரென்று நின்று, தொடர்ந்த குத்தலாக மாறுவது, தழும்புக்கு மேலே தொட்டால் துடிப்பது, தோள்பட்டையில் வலி, நாடி வேகமாகி முகம் வெளுப்பது, வெளியே ரத்தம் குறைவாக இருந்தும் மயக்கம் வருவது. வலி நின்றது நல்லது என்று தங்கச்சி சொல்லாமல் கிடந்துவிடக்கூடாது. இரவில் தமிழ் தெரிந்தவர் வார்ட்டில் இல்லாமலும் இருக்கலாம். நான்கு சிங்களச் சொல் மனப்பாடம் பண்ணிக்கொள்ளட்டும்: ரத்தம் போகிறது என்றால் “லே யனவா”, வலிக்கிறது என்றால் “ரிதெனவா”, தலை சுற்றுகிறது என்றால் “ஒளுவ கரகெனவா”, மூச்சு எடுக்க முடியவில்லை என்றால் “ஹுஸ்ம கன்ன பே”. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது தமிழில் விளக்கம் கேளுங்கள். தமிழும் ஆட்சிமொழிதான், கேட்பது உரிமை.

இனி ரத்தம் உறைவது பற்றி. பிள்ளை இறந்து நான்கு வாரத்துக்கு மேல் உள்ளேயே இருந்தால், ரத்தத்தை உறையவைக்கும் பொருள்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகலாம். அதன்பிறகு பிரசவம் நடந்தால் ரத்தம் தண்ணீராகவே ஓடும். பிள்ளையின் அசைவு எப்போது நின்றது என்று டொக்டர் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காக. தேதியைச் சரியாகச் சொல்லுங்கள், “போன மாதம்” என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். ரத்தத்தட்டு எண்ணிக்கையும் உறைவுச் சோதனையும் பார்ப்பார்கள். ஆய்வுகூடம் தூரமாக இருந்தாலும் ஒரு எளிய சோதனை உண்டு: இரண்டு மில்லிலீட்டர் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, உடம்புச் சூட்டில் இருக்கும்படி உள்ளங்கையில் மூடிப் பிடித்து, 4 நிமிடம் கழித்து மெல்லச் சாய்த்துப் பார்ப்பது. 7 நிமிடத்துக்குள் குழாயைக் கவிழ்த்தாலும் விழாத கட்டியாக உறைய வேண்டும். உறையாவிட்டாலோ, உறைந்தது உடைந்துபோனாலோ குளிசைக்கு முன்பே ரத்தம், பிளாஸ்மா தயாராக வேண்டும். சில வாரம் பொறுத்தால் தானாகவே வலி வரும் என்பதும் உண்மைதான், அப்படிக் காத்திருக்கும் உரிமையும் தங்கச்சிக்கு உண்டு. ஆனால் மண்சரிவு விழும் பாதைக்கு மேலே, தழும்போடு, இரவில் எப்போது வலி வரும் என்று தெரியாமல் காத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ரத்தவகை நெகட்டிவ் என்றால், பிள்ளை வெளிவந்த 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். 20 வாரம் தாண்டியதால் குறைந்தது 500 அலகு. பல இடங்களில் 1500 அலகு போடுவார்கள். தவறவிட்டால் பாதிப்பு இப்போது தெரியாது, அடுத்த பிள்ளையில் தெரியும்.

கொண்டுபோக வேண்டியவை: கர்ப்பிணிப் பதிவு அட்டை (எச் 512), ஸ்கேன் அறிக்கை, முதல் பிரசவத்தின் டயக்னோசிஸ் கார்ட் (வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி தந்தது). கடைசியானது அட்டைப்பெட்டியின் அடியில் எங்கேயாவது கிடக்கும், தேடி எடுங்கள். எந்த இடத்தில் வெட்டினார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு ஒன்று என்றால் ஒரு கணக்கு, நெட்டு வெட்டு அல்லது இரண்டு சீசர் என்றால் வேறு கணக்கு. ஏற்கெனவே வெளியில் ஏதாவது குளிசை எடுத்திருந்தால், என்ன, எத்தனை, எத்தனை மணிக்கு என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால் அதன்மேல் இன்னொரு அளவு விழும். கொழுந்து பறிக்கும் பெண்களில் பலருக்கு ரத்தம் குறைவு. அறிக்கையில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால், சேர்த்த அன்றே அதைச் சொல்லி நினைவுபடுத்துங்கள். குறைவான ரத்தத்தோடு ஆரம்பிப்பவருக்கு, மற்றவர் தாங்கும் ரத்தப்போக்கும் ஆபத்து.

வீட்டுக்கு வந்தபின் ஒன்றிரண்டு வாரம் உதிரம் குறைந்துகொண்டே போகும். பெரிய பேட் இரண்டு ஒரு மணி நேரத்தில் நனைந்து, அடுத்த மணியும் அப்படியே என்றால் 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். துணி வைப்பவர் என்றால் ஒரே மடிப்பளவில் வைத்து எண்ணுங்கள், இல்லாவிட்டால் கணக்குத் தெரியாது. கடைசிக் குளிசைக்கு ஒரு நாளுக்குப் பிறகும் 38க்கு மேல் காய்ச்சல், கெட்ட வாடை, அடிவயிறு தொட்டால் நோவது – இவை குளிசையின் வேலை அல்ல, கிருமி.

மூன்றாம் நான்காம் நாள் பால் கட்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அந்தப் பெண் தனியாக அழுகிறாள். குளிர்ந்த துணி, நன்றாகத் தாங்கும் உள்ளாடை, பீய்ச்சாமல் விடுவது போதும். மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் பழக்கத்தில் தீங்கில்லை. பிரஷர் இல்லாதவருக்குக் காபர்கோலின் 1 மில்லிகிராம் ஒரே தடவையாகக் கொடுத்து நிறுத்தலாம், டிஸ்சார்ஜ் ஆகுமுன் கேளுங்கள். வேலைக்குப் போகாமலிருக்கும் நாட்களுக்கு வைத்தியச் சான்றிதழும் அப்போதே வாங்குங்கள். கூடையைத் தலையில் மாட்டி மலை ஏறுவதை, உதிரம் நின்று தெம்பு வரும்வரை தள்ளிவையுங்கள்.

ஏன் இறந்தது என்று தேடச் சீனி, பிரஷர், தைரொயிட், வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் நோய்க்கான சோதனை), ரத்தம் கட்டியாகும் நோய்க்கான சோதனை என்று பார்ப்பார்கள், நஞ்சையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். எல்லாம் பார்த்தும் காரணம் கிடைக்காமல் போவதுண்டு. ஆகவே படி ஏறினாள், பப்பாளி தின்றாள் என்று தீர்ப்புச் சொல்பவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். மூன்று வாரத்துக்குள்ளேயே மறுபடி கரு தங்கும் நிலை வரலாம். குறைந்தது ஆறு மாதமாவது தள்ளிப்போட, எந்தக் கருத்தடை என்று மிட்வைஃப் அம்மாவிடம் இப்போதே பேசட்டும்.

ஒன்று பாக்கி. 21 வாரத்துப் பிள்ளை 350 கிராம் அளவில் இருக்கும், கை கால் விரல் எல்லாம் தெரியும். இறந்து சில நாள் ஆகியிருந்தால் தோல் உரிந்திருக்கலாம். பார்க்க வேண்டுமா, தூக்க வேண்டுமா என்று தங்கச்சிதான் சொல்ல வேண்டும், மாமியாரோ அண்ணனோ அவளுக்காகத் தீர்மானிக்க வேண்டாம். தோட்டத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்வதா, ஆஸ்பத்திரியிடம் விடுவதா என்பதையும் சேர்த்த அன்றே வார்ட் சிஸ்டரிடம் சொல்லிவையுங்கள். வலி தொடங்கிய பிறகு அதைக் கேட்க யாருக்கும் நேரமிருக்காது.